பசித்துச் சாப்பிட்டால் போதுமா? டயட்டை விட்டுவிடலாமா?

வைகைமகள் | மதுரை | ஜூலை 6, இரவு 9:50

எனக்கு வயது 41. பள்ளி ஆசிரியை. 17 வருஷத்தில் நான் செய்யாத டயட் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஜிஎம் டயட். நாலாம் நாள் வாழைப்பழமும் பாலும் மட்டும்தான். அன்றைக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே கண் இருட்டியது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பேலியோ: 100 பாதாம், பட்டர் டீ, முட்டை, பன்னீர். 11 கிலோ குறைந்தது, ஒன்றரை வருஷத்தில் 13 கிலோ ஏறியது. அப்புறம் 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு.

இதற்கிடையில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எல்லோரும் படுத்த பிறகு, இரவு பதினொன்றுக்கு மேல், விளக்குப் போடாமல் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவது. முறுக்கு டின் சத்தம் போடாமல் இருக்க மூடி விளிம்பில் துணியைச் சுற்றித் திறப்பேன். ஒன்று தின்றதும் ‘சரி, இன்றைக்குக் கெட்டுப்போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்’ என்று தோன்றும். பிறகு கை நிற்காது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற நவம்பரில் ஒரு தோழி ‘இன்ட்யூட்டிவ் ஈட்டிங்’, அதாவது உள்ளுணர்வைக் கேட்டுச் சாப்பிடுவது, பற்றிச் சொன்னாள். ஈவ்லின் ட்ரிபோல், எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியல் நிபுணர்கள் 1995ல் எழுதிய புத்தகம். பசி வரும்போது சாப்பிடு, நிறைந்ததும் நிறுத்து, எந்த உணவையும் ‘கெட்டது’ என்று தள்ளி வைக்காதே என்பதுதான் சாரம். ஆரம்பத்தில் பயமாகத்தான் இருந்தது. கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து, பகலில், எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு மாதம் கிட்டத்தட்ட தினமும் ஏதாவது இனிப்பு. மூன்றாம் மாதம் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது பின்னால் ஒரு ஜாங்கிரிப் பெட்டி கிடந்தது. வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மறந்தே போயிருக்கிறேன். வீட்டில் இனிப்பு இருப்பதை நான் மறந்தது அதுதான் முதல் தடவை. ஈரத்துணியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இரவுச் சாப்பாடு நின்று ஐந்து மாதமாகிறது.

ஆனால் எடை 71லிருந்து 75. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 5.8லிருந்து 6.2. அம்மாவுக்கு 22 வருஷமாகச் சர்க்கரை, போன வருஷம் ஒரு கால்விரலை எடுத்தார்கள். டாக்டர் ‘அஞ்சு கிலோ குறைங்க, சோத்தைப் பாதியாக்குங்க’ என்றார். அன்று இரவு பழைய இடத்தில் போய் நின்றேன். எதையும் எடுக்கவில்லை. ஆனால் நின்றேன்.

டயட்டுக்குத் திரும்பினால் அந்த டின்னுக்கும் திரும்பிவிடுவேன். திரும்பாவிட்டால் அம்மாவின் கால் கண்முன் வருகிறது. உண்மையிலேயே இது டயட்டுக்கு மாற்றாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எட்டயபுரத்தான் | ஜூலை 6, இரவு 10:35

நீங்கள் மனம் விட்டு எழுதியதற்கு நன்றி. ஆனாலும் மாற்றுக்கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பசியை நம்பு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பசியை நிறுத்துகிறோம் என்பதுதான் என் கேள்வி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் வகை அதிபதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருந்தன. ‘வேண்டியதைச் சாப்பிடுங்கள், போதும் என்றால் நிறுத்துங்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். பாக்கெட் உணவு வாரங்களில் நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். அவர்களும் உள்ளுணர்வைக் கேட்டுத்தான் சாப்பிட்டார்கள். உணவு மாறியதும் உள்ளுணர்வு சொல்லும் அளவும் மாறிவிட்டது.

களையெடுத்துவிட்டு வந்து கம்பங்கூழ் குடித்தவருக்குப் பசி சரியாக வழி சொல்லியிருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, மாலையில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும் எனக்கு அது சொல்லாது.

பருப்புச்சோறு | திருநெல்வேலி | ஜூலை 7, காலை 6:20

நான் 14 வருஷமாக உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைகைமகள், உங்களுக்கு நடந்ததை முதலில் சரியான பெயரால் சொல்லிவிடுவோம். இரவில் ஒளிந்து சாப்பிட்டது ஒழுக்கக் குறைவு இல்லை. 1944-45ல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று கைப்பேசிச் செயலிகள் பெண்களுக்குப் போட்டுத் தரும் கணக்கு பல சமயம் இதைவிடக் குறைவு. அந்த இளைஞர்கள் கனவிலும் பேச்சிலும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்த பிறகும் சிலருக்கு வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. நீங்கள் 17 வருஷமாக அந்த ஆய்வை உங்கள் உடம்பிலேயே விட்டு விட்டு நடத்தியிருக்கிறீர்கள். ‘இன்றைக்குக் கெட்டுப்போச்சு’ என்ற அந்த எண்ணமும் 1975லேயே ஆய்வுக்கு வந்துவிட்டது. முதலில் ஒரு மில்க் ஷேக்கைக் குடிக்கவைத்து, பிறகு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். டயட்டில் இல்லாதவர்கள் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

ஆகவே ஜாங்கிரிப் பெட்டியை நீங்கள் மறந்தது பெரிய விஷயம். அதை இழக்க வேண்டாம்.

இரண்டாவது, இன்ட்யூட்டிவ் ஈட்டிங் முறையில் பத்துக் கொள்கைகள் உண்டு. டயட் மனநிலையை விடுவதில் தொடங்கி, பத்தாவதாகத்தான் ‘மென்மையான சத்துணவுக் கவனம்’ வருகிறது. பாதிப்பேர் மூன்றாவதோடு, அதாவது எல்லா உணவையும் அனுமதிப்பதோடு, நின்றுவிடுகிறார்கள். நீங்களும் அங்கே நின்றிருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

நான் சொல்ல வந்த மூன்றாவது விஷயம்தான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். இது எடை குறைப்பு முறை இல்லை. எழுதியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். இதைப் பின்பற்றுகிறவர்களிடம் வெறித்தனமாகச் சாப்பிடுவதும், உடம்பைப் பற்றிய வெறுப்பும் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் நிறைய ஒரே சமயத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. இதனால்தான் அது வந்தது என்று அவற்றை வைத்துச் சாதிக்க முடியாது. எடை குறையும் என்று இதைப் பரிந்துரைப்பவர் யாராக இருந்தாலும் தப்பாகச் சொல்கிறார்.

சரி, சர்க்கரைக்கு என்ன செய்வது? இங்கே சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவின் ஆய்வை நான் வருகிற எல்லோரிடமும் சொல்வேன். 2006ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். ஒரு பிரிவுக்குத் தினமும் அரைமணி நேர நடை, சர்க்கரையையும் வெள்ளைத் தானியத்தையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டுவது, அவ்வளவுதான். சுமார் மூன்று வருஷத்தில், எதுவும் செய்யாத பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, இந்தப் பிரிவில் 39 சதவீதம். அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. அதுதான் நான் சொல்ல வந்தது. தராசில் முள் நகராமலேயே இரத்தத்தில் மாற்றம் வந்தது.

உங்கள் டாக்டர் சொன்னது தப்பில்லை, நமக்கு இடுப்புக் கொழுப்பு சீக்கிரம் சேரும், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஆனால் ‘அஞ்சு கிலோ’ என்ற சொல் உங்களை அடுப்படியில் நிறுத்துகிறது என்றால், அந்தச் சொல்லை விட்டுவிட்டு நடையையும் தட்டையும் பிடியுங்கள்.

கரூர்வேலு | ஜூலை 7, காலை 8:05

நான் மறுக்கிறேன். 2016ல் 104 கிலோ. பேலியோவில் 82க்கு வந்தேன். இன்றைக்கு 88. எட்டு கிலோ குறைந்தாலும் போதும் என்று ஆரம்பித்தவன் நான்.

‘95 சதவீத டயட் தோற்கும்’ என்று இந்த முறைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1959ல் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் 100 பேரை வைத்து ஸ்டங்கர்ட் எழுதிய கட்டுரையிலிருந்து. கையில் ஒரு டயட் தாளைக் கொடுத்து அனுப்பியவர்கள் அவர்கள். அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதுவது நியாயமா? அதே அமெரிக்காவில் 1994ல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் 10,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லோரும் 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷத்துக்கு மேல் காப்பாற்றியவர்கள்.

இன்னொன்று. விதி எனக்குச் சிறை இல்லை, நிம்மதி. இரவு பத்து மணிக்குப் புரோட்டாக் கடை வழியாக வரும்போது ‘எனக்கு உண்மையிலேயே பசிக்கிறதா, மனசு கேட்கிறதா’ என்று என்னால் விசாரணை நடத்த முடியாது. ‘மைதா இல்லை’ என்று ஒரே வார்த்தை. வண்டி நிற்காமல் போய்விடும். யோசிக்க ஒன்றுமில்லாததே எனக்குப் பெரிய விடுதலை.

பருப்புச்சோறு | ஜூலை 7, காலை 9:10

வேலு அண்ணா, 95 சதவீதக் கணக்கில் நீங்கள் சொன்னது சரி, நானும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்தப் பதிவேட்டில் வென்றவர்கள் தாங்களாக வந்து பெயர் கொடுத்திருக்கிறார்கள். தோற்றவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. 2011ல் மெல்போர்னில் 50 பேரை 10 வாரம் கடுமையான டயட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நீங்கள் 82லிருந்து 88க்கு வந்ததில் உங்கள் சோம்பலைவிட அந்த ஹார்மோனுக்குப் பங்கு அதிகம். அதோடு மல்லுக்கட்டி 16 கிலோவைப் பிடித்து நிற்கிறீர்களே, அதை நான் குறைத்து மதிக்கவில்லை.

உங்களுக்கு விதி நிம்மதி தருகிறது. வைகைமகளுக்கு அதே விதி டின்னைத் திறக்கவைத்தது. இரண்டுமே உண்மை.

காவேரிக்கரை | தஞ்சாவூர் | ஜூலை 7, மாலை 5:45

ஒரு எச்சரிக்கை எழுதியே ஆக வேண்டும். வயது 63, சர்க்கரை 19 வருஷம், கிளிமிப்ரைடு மாத்திரையும் இரவு இன்சுலினும். மகள் இந்த முறையைப் பற்றிச் சொன்னதும் எனக்கும் பிடித்துப்போனது. ‘அப்பா, பசிக்கும்போது சாப்பிடுங்க’ என்றாள்.

போன ஆவணியில் ஒருநாள் காலை மாத்திரை போட்டேன், இரண்டு இட்லி சாப்பிட்டேன், மதியம் பசி இல்லை. சரி, பசிக்கட்டும் என்று கும்பகோணம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாபநாசம் தாண்டும்போது கை நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த பெண் ஏதோ கேட்டார், பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் மகனின் ஸ்கூல் பையிலிருந்து குளுக்கோஸ் பிஸ்கட்டும் ஜூஸ் பாக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

லோ சுகரில் வரும் பசி பிசாசுப் பசி, அது உள்ளுணர்வு இல்லை. சில சமயம் பசியே வராமல் நேராக மயக்கம் வரும். இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். முறையை மாற்ற ஆசைப்பட்டால் முதலில் மருந்தளவை டாக்டரிடம் பேசுங்கள்.

நெறியாளர் | ஜூலை 7, மாலை 6:00

காவேரிக்கரை ஐயாவின் பதிவை எல்லோரும் படித்துவிடுங்கள். மருந்தளவை இந்த இழையில் கேட்டு யாரும் மாற்ற வேண்டாம்.

வைகைமகள் | ஜூலை 7, இரவு 10:15

ஐயா, படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து மாத்திரை நேரத்தை விசாரித்தேன். நன்றி.

பருப்புச்சோறு அக்கா, உங்கள் ஊகம் சரி. பத்தாவது அத்தியாயம் வரை நான் போகவே இல்லை, ‘சத்து’ என்ற சொல்லைப் பார்த்ததும் பழைய டயட் ஞாபகம் வந்து மூடிவிட்டேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் வருகிற பெண் தனியாகச் சமைத்து, தனியாகத் தட்டில் வைத்து, மெதுவாகச் சாப்பிடுகிறாள். எங்கள் வீட்டில் தட்டு என் கையில் இல்லை. மாமியார் பரிமாறுவார். ‘போதும் அத்தை’ என்றால் அது அடுத்த கரண்டிக்கான ஆரம்பம். தட்டில் மிச்சம் வைத்தால் அவர் முகம் வாடிவிடும். ஏழரைக்குப் பள்ளி வேன், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழு மணிக்கு இட்லி உள்ளே போக வேண்டும். பசி எனக்குப் பத்தரைக்கு வருகிறது, அப்போது நான் ஏழாம் வகுப்பில் இருக்கிறேன். எங்கே போய் உள்ளுணர்வைக் கேட்பது?

தெற்குரதவீதி | ஜூலை 8, பிற்பகல் 2:30

மகளே, நான் 69 வயது மாமியார். உன் அத்தை பக்கமிருந்து ஒரு வார்த்தை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அறுபதுகளின் நடுவில், அரிசிப் பஞ்சம். என் அம்மா எங்களுக்குப் போட்டுவிட்டு வடிகஞ்சி குடித்துப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி வளர்ந்தவள் கையில் கரண்டி வந்தால், தட்டில் வெள்ளை தெரியக்கூடாது என்றுதான் தோன்றும். ‘போதும்’ என்ற சொல்லை நாங்கள் நம்பவே மாட்டோம். எங்கள் அம்மாக்களும் போதும் என்றுதான் சொன்னார்கள்.

என் மருமகளுக்குச் சர்க்கரை வந்தபோது பேரன் ஒரு யோசனை சொன்னான். பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்வது. முதல் வாரம் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. பிறகு நான் வெஞ்சனம் மட்டும் பரிமாறுகிறேன் என்று பேசி முடிவானது. அவரைக்காய், கீரை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளி வைப்பேன். சோறு அவர்கள் பாடு. உன் அத்தையின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்காதே, அதில் வேறு எதையாவது கொடு.

இன்னொன்று சொல்கிறேன். நாற்பது வருஷமாகக் கார்த்திகையும் சஷ்டியும் விரதம் இருக்கிறேன். மறுநாள் நான் டின்னைத் தேடிப் போனதில்லை. எடைக்காக ஒரே ஒரு தடவை, மகன் கல்யாணத்துக்கு முன்னால், இரவுச் சாப்பாட்டை விட்டேன். நாலாவது நாளே பிள்ளைகளுக்கு வைத்த லட்டை எடுத்துத் தின்றேன். இரண்டுமே பட்டினிதான். ஏன் ஒன்று வலித்தது, ஒன்று வலிக்கவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

எட்டயபுரத்தான் | ஜூலை 8, பிற்பகல் 3:15

அம்மா, உங்கள் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். என் அப்பாவின் சபரிமலை விரதம் ஞாபகம் வந்தது.

பருப்புச்சோறு | ஜூலை 8, இரவு 8:40

‘எங்கே போய்க் கேட்பது’ என்ற கேள்விக்கு வருகிறேன். வைகைமகள், நம் சாப்பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. முதலில் குழம்புச் சோறு, அடுத்து ரசம், கடைசியில் மோர். ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன் மேல் ஆசை குறையும், புது ருசி வந்தால் மறுபடி வாய் திறக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸ் போன்றவர்கள் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால்தான் குழம்புச் சோறு முடிந்து ‘நிறைந்துவிட்டது’ என்று வயிறு சொன்ன பிறகும், ரச வாசனை வந்ததும் இன்னொரு கரண்டிக்கு இடம் வருகிறது. அதற்கு மேல் மோர்ச் சோறு சாப்பிடாமல் எழுந்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. மூன்று தடவை சோறு விழுகிறது. நிறுத்துவதற்கான இடம் நம் சாப்பாட்டில் வயிற்றில் இல்லை, மோரில் இருக்கிறது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சோற்றை ஒரே தடவை போட்டுக்கொண்டு, தட்டிலேயே மூன்று பங்காகத் தள்ளி வையுங்கள். குழம்பு, ரசம், மோர் மூன்றுக்கும் அதே சோறு. ரசத்துக்கு முன்னால் கையை ஒரு நிமிஷம் தட்டில் வைத்துவிட்டு, ‘இன்னும் பசி இருக்கிறதா’ என்று கேளுங்கள். இருந்தால் சாப்பிடுங்கள். இல்லையென்றால் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கலாம். இதில் தடை எதுவும் இல்லை, கலோரிக் கணக்கும் இல்லை.

பத்தரைப் பசிக்கு ஒரு டப்பாவில் சுண்டல் கொண்டு போங்கள். ஏழு மணிக்கு நாலு இட்லிக்குப் பதில் இரண்டு. வேலைநேரத்தை மாற்ற முடியாது, டப்பாவை மாற்றலாம்.

கரூர்வேலு | ஜூலை 8, இரவு 9:00

அக்கா, ‘சோறு ஒரே தடவை’ என்பதும் ஒரு விதிதானே? அதைத்தானே டயட் என்கிறோம்?

பருப்புச்சோறு | ஜூலை 8, இரவு 9:25

நல்ல கேள்வி. விதிதான். ஆனால் அதை மீறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டாம் தடவை சோறு போட்டால் போட்டீர்கள், அவ்வளவுதான். அன்றைய நாள் கெட்டுப்போகாது, நாளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மீறினால் தண்டனை இருக்கிற விதியைத்தான் நான் டயட் என்பேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

கரூர்வேலு | ஜூலை 8, இரவு 9:40

பாதி ஒத்துக்கொள்கிறேன்.

தீவகத்தான் | லண்டன் | ஜூலை 9, அதிகாலை 3:10

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்து, 24 வருடமாக இங்கே இருக்கிறேன். 2021ல் நீரிழிவு என்று சொன்னார்கள். இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் வழியாக 12 கிழமை (வாரம்) சூப், ஷேக் மட்டும். நாளைக்கு 800 கலோரி சொச்சம். இதற்கு அடிப்படை ஸ்கொட்லாந்திலும் டைன்சைடிலும் நடந்த டைரக்ட் ஆய்வு. 2017ல் வெளிவந்தது, ஒரு வருடத்தில் 46 வீதமானோருக்கு மருந்தில்லாமலே நீரிழிவு தணிந்தது. இரண்டாம் வருடம் 36 வீதம்.

எனக்கு 14 கிலோ குறைந்து மருந்தை நிறுத்தினார்கள். அந்த மூன்று மாதம் பசியை நான் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆகவே கடுமையான டயட்டே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் கஷ்டம். பிட்டும் சம்பலும் கண்டதும் கை நடுங்கியது, 6 கிலோ திரும்பியது. பிறகு ஒரு தாதி பசியை ஒன்றிலிருந்து பத்துவரை அளந்து எழுதச் சொன்னார். மூன்றில் சாப்பிடத் தொடங்கு, ஏழில் நிறுத்து. இரண்டு வருடமாக எடை அப்படியே நிற்கிறது. இறக்கியது டயட், நிறுத்தி வைத்திருப்பது பசி.

தங்கச்சி, உங்களுக்கு இந்த 800 கலோரி வேண்டாம். இரவில் ஒளித்துச் சாப்பிட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு இதைத் தொடங்க முன் எங்கள் வைத்தியர் பல கேள்விகள் கேட்டார், சிலரை அனுமதிக்கவில்லை.

நெய்தல் | சென்னை | ஜூலை 9, இரவு 11:30

மூன்று நாளாகப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

என் மகளுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் இரவுச் சாப்பாட்டை விட்டாள். ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் ‘நல்லா இளைச்சுட்டே, அழகா இருக்கே’ என்றார்கள். நானும் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. மூன்று மாதத்தில் மாதவிடாய் நின்றது. கையெல்லாம் பூனைமுடி. முதலில் காட்டிய மருத்துவமனையில் ‘இந்த வயசுல டயட் சகஜம்’ என்று டானிக் எழுதி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் நாடித்துடிப்பைப் பார்த்த உடனே படுக்கையில் சேர்த்தார்கள்.

அங்கே யாரும் அவளிடம் ‘பசிக்கிறதா’ என்று கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள், அது பொய்யும் இல்லை, அவளுக்குப் பசி தெரிவதே நின்றுபோயிருந்தது. மூன்று வேளை சாப்பாடு, மூன்று வேளை சிற்றுண்டி, நேரத்துக்கு, முழுசாக, நானும் அவள் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து. மருந்து மாதிரி. ஒரு கிண்ணம் தயிர்ச்சோற்றுக்கு ஐம்பது நிமிஷம். தட்டை விட்டெறிந்திருக்கிறாள். மறுபடி போட்டுக் கொடுத்தோம். ‘பசி பிற்பாடு வரும், முதலில் உடம்பு பிழைக்கட்டும்’ என்றார் டாக்டர்.

இங்கே எல்லோரும் பசியை நம்பலாமா கூடாதா என்று பேசுகிறீர்கள். அது உடைந்துபோகக்கூடிய பொருள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். வேலு அண்ணா, விதி உங்களுக்கு நிம்மதி என்று எழுதினீர்கள். என் மகளும் முதலில் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். உங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தால் அவர்கள் காதுபட எடையைப் பற்றிப் பேசாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கரூர்வேலு | ஜூலை 10, காலை 5:50

தங்கச்சி, எனக்கு 13 வயதில் மகள் இருக்கிறாள். காலையில் நான் எடைமெஷினில் ஏறும்போது அவள்தான் எண்ணைப் படிப்பாள். இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். எனக்கு வேண்டுமென்றால் கடையில் பார்த்துக்கொள்கிறேன்.

வைகைமகள் | அக்டோபர் 19, இரவு 9:05

மூன்று மாதம் கழித்து வருகிறேன். இன்றைக்கு ரிப்போர்ட் வந்தது. ஹெச்பிஏ1சி 5.9. எடை 74.4, பெரிதாக ஒன்றும் இல்லை. மாலையில் பள்ளி மைதானத்தில் அரைமணி நடக்கிறேன், சமூக அறிவியல் டீச்சரும் சேர்ந்துகொண்டார். சுண்டல் டப்பா நடக்கிறது. அத்தை இப்போது வெஞ்சனத்துக்கு மட்டும் பொறுப்பு. முதல் பத்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, பிறகு வாழைத்தண்டு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று அவரே சந்தைக்குப் போக ஆரம்பித்தார்.

ஆயுத பூஜை வாரம் இரண்டு இரவு அடுப்படிக்குப் போனேன். மறைக்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு தட்டில் பொரி கடலை எடுத்துவைத்து, உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. டாக்டர் இன்னும் ‘எடை இறங்கலையே’ என்கிறார். ஆறு மாதம் பார்க்கலாம் என்று பேசி ஒத்துக்கொண்டோம். வேலு அண்ணா கேட்டது இன்னும் எனக்குள் ஓடுகிறது: நான் செய்வது டயட்டா இல்லையா? சில நாள் ஆம் என்றும் சில நாள் இல்லை என்றும் படுகிறது.

காவேரிக்கரை | அக்டோபர் 20, காலை 7:30

மகிழ்ச்சி அம்மா. நான் சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் பஸ் ஏறுவதில்லை.

நெய்தல், உங்கள் பெண் எப்படி இருக்கிறாள்?

நெய்தல் | அக்டோபர் 21, இரவு 10:20

கேட்டதற்கு நன்றி ஐயா. இன்னும் வாரம் ஒருமுறை டாக்டரிடம் போகிறோம். நேரத்துக்குத்தான் சாப்பாடு. போன ஞாயிறு மத்தியானம் மூன்று மணி இருக்கும், துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து கதவில் சாய்ந்துகொண்டு, ‘அம்மா, பசிக்குது, தோசை ஊத்தித் தர்றியா’ என்றாள். 14 மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறேன். இரண்டு ஊற்றினேன். ஒன்றரை சாப்பிட்டாள். மிச்சம் இருந்த அரைத் தோசையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.